பால்வாடியில் பெற்றோருக்கு என்ன வேலை?

நூல் விலை, கூலி உயர்வு, தள்ளுபடி மானியம், பயிர்க்கடன் தவணை ஆகியவற்றைப் பற்றி அறிந்துகொள்வதற்காகவே இவ்விதழைப் பிரிக்கும் அங்கத்தினர்கள், மூன்று வயதுப் பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை இங்கே எதற்கு என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், குழந்தைக் கல்வி நம் இயக்கத்தோடு பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட விஷயமன்று. அதன் வேரிலேயே இருப்பது. அதை முதலில் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

கூட்டுறவின் தந்தை என்று நாம் போற்றும் ராபர்ட் ஓவன், 1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லானார்க் என்னும் ஊரிலிருந்த பஞ்சாலையின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு. தாயும் தந்தையும் விடியுமுன் ஆலைக்குச் சென்றுவிட, சிறு பிள்ளைகள் தெருவில் கிடந்தன. அந்தப் பிள்ளைகளுக்காக அவர் 1816-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஒரு பள்ளியைத் திறந்தார். பிரிட்டனின் முதல் பாலர் பள்ளி என்று கல்வி வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவது அதனையே. அதன் முதல் ஆசிரியர் யார் என்பது நம் அங்கத்தினர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். ஜேம்ஸ் புக்கானன் என்னும் அவர் ஒரு கைத்தறி நெசவாளர். எழுத்தறிவு மிகக் குறைவு. குழந்தைகளிடம் எல்லையற்ற பொறுமை உண்டு என்ற ஒரே காரணத்துக்காக ஓவன் அவரைத் தேர்ந்தெடுத்தார். துணைக்கு மாலி யங் என்ற பதினேழு வயதுப் பெண். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, கடிந்து பேசக் கூடாது, புத்தகத்தைக் காட்டி அலுப்பூட்டக் கூடாது என்பவை அவ்விருவருக்கும் இடப்பட்ட கட்டளைகள். பாட்டு, ஆட்டம், வெளியில் சென்று செடி கொடிகளைப் பார்த்து வருதல், கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுதல் ஆகியவையே பாடத்திட்டம்.

அறிவாளியான ஓவனிடமும் ஒரு குறை இருந்தது. படிப்பறியாத பெற்றோரின் பழக்கங்கள் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று அவர் எண்ணினார். நடக்கத் தொடங்கியதுமே பிள்ளையை வீட்டின் செல்வாக்கிலிருந்து பிரித்துப் பள்ளியில் வைத்துவிட்டால் நல்ல மனிதனாக்கிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஒரு நெசவாளரை ஆசிரியராக்கத் துணிந்தவர், நெசவாளர் வீட்டை நம்பத் துணியவில்லை.

ஓவன் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அந்த எண்ணம் மறையவில்லை. அது நம்மூரிலும் உலவுகிறது. அதைவிட வியப்பு, பெற்றோரே அதை ஒப்புக்கொண்டிருப்பதாகும். நாம் ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில், சென்னிமலைப் பக்கமாயினும் நெகமம் பக்கமாயினும், பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டால் தாய்மார் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "எழுத்துத் தெரியாத நாங்க என்னத்தைங்க சொல்லித் தர்றது? எல்லாம் டீச்சர் பாத்துக்குவாங்க." பால்வாடி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பினால் கடமை முடிந்தது. சற்று வசதியுள்ள தோட்டக்காரர் வீடுகளில் நிலைமை வேறு தோற்றத்தில் காணப்படுகிறது. காலையில் வேன் வருகிறது. மூன்றரை வயதுப் பிள்ளை கழுத்தில் பட்டையுடன் ஏறுகிறது. மாலையில் ஆங்கில எழுத்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறது. மாதம் பிறந்தால் கட்டணம் செலுத்தப்படுகிறது. முன்னவர் தம்மால் இயலாது என்று ஒதுங்குகிறார். பின்னவர் பணம் கொடுத்தாயிற்று என்று ஒதுங்குகிறார். இரண்டும் வாடிக்கையாளரின் மனப்பான்மை, அங்கத்தினரின் மனப்பான்மையன்று.

இந்த வயதில் பிள்ளை கற்பது யாது என்பதைத் தெரிந்துகொண்டால், ஒதுங்குவதற்கு இடமில்லை என்பது விளங்கும். மூன்று முதல் ஆறு வயது வரையில் பிள்ளை கற்கும் பெரும்பொருள் எழுத்தன்று, பேச்சு. அந்தப் பேச்சும் மனப்பாடத்தால் வருவதன்று; பரிமாற்றத்தால் வருவது. பிள்ளை வரப்பில் நின்று "மாடு" என்கிறது. "ஆமாங் கண்ணு, செவலை மாடு. அதோட கன்னுக்குட்டி எங்க போச்சு?" என்று அம்மிச்சி கேட்கிறார். பிள்ளை யோசித்து, "கட்டுத்தறியில இருக்குது" என்கிறது. ஒரு சொல்லாக இருந்தது ஒரு நொடியில் நிறமும் உறவும் இடமும் கூடிய வாக்கியமாகிவிட்டது. இத்தகைய கொடுக்கல் வாங்கல் நாளொன்றுக்கு எத்தனை முறை நடக்கிறதோ அத்தனைக்கு அப்பிள்ளையின் சொல்வளம் பெருகும். பின்னர் முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கும்போது, அச்செழுத்தைக் கூட்டிப் படித்தால் கிடைக்கும் சொல் ஏற்கெனவே தன் காதில் விழுந்த சொல்லாக இருந்தால்தான் அதற்குப் பொருள் புரியும். கேட்டறியாத சொல்லை எழுத்துக்கூட்டி என்ன பயன்? முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையிடமும் இவ்வாறு பேச எத்தனை நிமிஷம் ஒதுக்க முடியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், இந்த வேலையின் பெரும்பங்கு யாருடையது என்பது தானே தெரியும்.

எண்ணும் அப்படியே. ஒன்று இரண்டு என்று நூறு வரையில் ஒப்பிப்பது எண்ணறிவு ஆகாது. இனம் பிரித்தல், வரிசைப்படுத்தல், கூட இருக்கிறதா குறைய இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் ஆகியவையே அதன் அடிப்படை. மஞ்சள் வேகவைத்துக் காய்ந்த களத்தில் விரலி வேறு, கிழங்கு வேறு என்று கூறுகட்டும் தாயின் அருகில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடி பிரித்துப் போடும் பிள்ளை கணக்கின் முதல் பாடத்தைப் படிக்கிறது. வள்ளத்தில் எத்தனை படி பிடிக்கும் என்று அளந்து பார்ப்பது இரண்டாம் பாடம். நெசவு வீட்டில் சொல்லவே வேண்டியதில்லை. சேலையின் கரையில் சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று, மீண்டும் சிவப்பு இரண்டு என்று ஓடும் வரிசையைக் கண்டு அடுத்து என்ன நிறம் வரும் என்று சொல்லத் தெரிந்த நாலு வயதுப் பிள்ளைக்கு, பிற்காலக் கணிதத்துக்கு வேண்டிய ஒழுங்கறிவு கையில் வந்துவிட்டது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும், எழ வேண்டும். நெசவாளன் பிள்ளைக்குத் தறியைக் காட்டு, குடியானவன் பிள்ளைக்குக் களத்தைக் காட்டு என்று சொல்வது, பழைய குலக்கல்வித் திட்டத்தைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருவது ஆகாதா? 1953-ஆம் ஆண்டில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட அத்திட்டத்தின்படி, கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பதும், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பதும் ஏற்பாடு. நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தைச் சேர்ந்தவரும் அப்போதைய கல்வி அமைச்சருமான சி. சுப்பிரமணியம் அத்திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார். எதிர்த்தவர்களின் வாதம் சரியானதே என்பது நமது அபிப்பிராயம். அத்திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, பிள்ளையைத் தந்தையின் தொழிலுக்குள் அனுப்பிற்று. நாம் சொல்வது அதன் நேர் எதிர். வீட்டிலுள்ள சொல்லையும் எண்ணையும் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வந்து, அவற்றின் மீது ஏறிப் பிள்ளை எந்தத் தொழிலுக்கும் போகட்டும் என்பதே நம் கருத்து. நிறத்தின் வரிசையைக் கண்டுபிடிப்பது விளையாட்டு. தார் சுற்ற உட்கார வைப்பது வேலை. 2016-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போக மற்ற நேரங்களில் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடம் எவ்வளவு எளிதில் விரிந்துவிடும் என்பது ராட்டை உள்ள வீட்டாருக்குத் தெரியாததல்ல.

வீடு எப்போதும் வளமான பள்ளி என்று சொல்லிவிடவும் முடியாது. குழித்தறி வீட்டில் நெய்துகொண்டே பேசலாம், பாடலாம். நூல் அறுந்து முடிச்சுப் போடும்போது பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறியை ஒட்டியே குடியிருக்கும் வீடுகளின் நிலை அதுவன்று. அங்கே காதடைக்கும் ஓசையில் பெரியவர்கள் சைகையாலும் கூச்சலாலும் பேசுகிறார்கள். பிள்ளை பிறந்தது முதல் கேட்பது அந்த ஓசையும், அதற்கு மேல் எழும் அதட்டலும்தான். மூன்று வயதில் அப்பிள்ளை பால்வாடிக்கு வரும்போது பேச்சுக் குறைந்திருந்தால் அது மந்தம் ஆகாது. தறி நின்றிருக்கும் நேரம் எது என்று கண்டு, அந்த நேரத்தில் பிள்ளையை மடியில் வைத்துப் பேசுங்கள் என்று சொல்ல யாராவது வேண்டும். மின்வெட்டு நேரத்தை இதற்குப் பயன்படுத்திக்கொண்ட ஒரு தாயை நாம் அறிவோம். மின்சார வாரியம் எதிர்பாராத நன்மை!

இன்னொரு விஷயம் வீட்டு மொழி. கொங்கு நாட்டு நெசவாளர் குடும்பங்களில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகின்றன. சிறுமுகைப் பக்கத்தில் ஓர் ஊரில், வாயே திறக்காத பையன் என்று பெயர் வாங்கிய நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பால்வாடி ஆசிரியை வேறு ஏதோ கணக்கெடுப்புக்காக அவ்வீட்டுக்குச் சென்றபோது, திண்ணையில் அவன் நூல் சிட்டங்களை அடுக்கிக்கொண்டு கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்ததைக் கேட்டார். பதினேழு வரையில் பிசகாமல் எண்ணினான். அன்று அவனுடைய தாயிடம் தண்ணீர், பசி, வலி, வா, போதும் என்பன போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு ஆசிரியை திரும்பினார். மறுநாள் முதல் அச்சொற்களோடு தமிழ்ச் சொற்களையும் சேர்த்துச் சொல்லிவந்தார். இரண்டு மாதத்தில் பையன் இரண்டிலும் பேசினான். ஆசிரியை திறமையற்றவர் அல்லர். தாய் அக்கறையற்றவர் அல்லர். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவே. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் விஷயத்திலும் இதுவே பொருந்தும். அங்கே சிக்கல் இன்னும் பெரிது.

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாயிருக்கிறது, பலன் உண்டா என்று கணக்கில் பழகிய அங்கத்தினர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில், 1962 முதல் 1967 வரையில் ஒரு சோதனை நடைபெற்றது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளில் 58 பேரை மூன்று, நான்கு வயதில் பெர்ரி பாலர் பள்ளியில் சேர்த்தனர். 65 பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பள்ளி காலை வேளையில் இரண்டரை மணி நேரந்தான். அத்துடன் வாரம் ஒரு முறை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் சென்று, தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார். அப்பிள்ளைகளை அவர்களது நாற்பது வயது வரையில் தொடர்ந்து கவனித்தார்கள். அறிவுச் சோதனையில் முதலில் கிடைத்த உயர்வு சில ஆண்டுகளில் கரைந்துபோயிற்று. ஆனால் பள்ளிப்படிப்பை முடித்தவர், நல்ல வருமானம் பெற்றவர், சிறை வாசலை மிதிக்காதவர் ஆகியோரின் விகிதம் பள்ளிக்கு வந்தவர்களிடையே தெளிவாக அதிகம் இருந்தது.

மற்றொரு சோதனை, நம் கரும்புத் தொழிலாளரின் முன்னோர் பலர் கப்பலேறிச் சென்ற மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் நடந்தது. கிங்ஸ்டன் நகரத்தில் 1986-87-இல், வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சத்துணவு, ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண் சென்று, வீட்டில் கிடக்கும் கழிபொருளைக் கொண்டு விளையாட்டுச் சாமான் செய்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுதல், ஒரு பகுதியினருக்கு இரண்டும், எஞ்சியவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டு இவ்வாறு நடந்தது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பேச்சும் விளையாட்டும் பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் தென்படவில்லை. இதைக் கொண்டு உணவு வேண்டாம் என்று யாரும் வாதிடலாகாது. பசித்த பிள்ளை விளையாடாது. உணவோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் ஆகிறது என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

நம் மாநிலத்தில் நடந்தது ஏறக்குறைய உணவோடு நின்ற கதைதான் என்று சொன்னால் மிகையாகாது. அந்த உணவு பெருமைக்குரியது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். 1956-இல் தொடக்கப்பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவலாகத் தொடங்கியபோது, ஊர் மக்கள் தவசமும் காய்கறியும் பணமும் கொடுத்தே அதை நிறுத்தினார்கள். 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மாவட்டம்தோறும் நடைபெற்றன. நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை, சீருடை என்று மக்கள் வரிசை எடுத்துவந்து பள்ளிக்குக் கொடுத்த காட்சியைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளைத் தொடங்கிற்று. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அரசாங்கத்தின் சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதற்கொண்ட சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று மாநிலத்தில் ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கே வழங்கப்படும் சத்துமாவில் ஒரு பகுதியை அரைத்துக் கொடுப்பவை மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களே. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரப்படும் சீருடைத் துணியும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தறிகளில் ஓடியதுதான்.

இவ்வளவும் கொடுத்த பெற்றோரைக் கட்டடத்துக்குள் அழைத்து, "உங்கள் பிள்ளை எதில் ஆசையோடு இருக்கிறது, வீட்டில் என்ன பேசுகிறது?" என்று கேட்பது மட்டும் வழக்கமாகவில்லை. கடிகாரம் கொடுத்தவர் வாசலோடு திரும்பினார்.

சட்டமும் இதில் ஒரு பள்ளத்தை விட்டுவைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவின் மூலம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அருமையான ஏற்பாடு, ஏறக்குறைய நம் நிர்வாகக் குழுவைப் போன்றது. ஆனால் அச்சட்டத்தின் உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அரசியல் சட்டத்தின் 45-ஆம் ஷரத்து, தொடக்கத்தில் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தே பேசிற்று. 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வரையுள்ளவர்களுக்கு அடிப்படை உரிமை வழங்கியது. ஆறுக்குக் கீழுள்ளவர்களுக்கு அரசு முயற்சி செய்யும் என்ற வாக்கியத்தோடு விட்டது. ஆகவே, பேச்சு முளைக்கும் வயதில் பிள்ளையின் கல்வியைப் பற்றி வாக்களிக்கும் இடம் பெற்றோருக்கு அச்சட்டத்தில் இல்லை. அந்த வயது கடந்த பின்னரே இடம் கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையை ஒட்டி, அங்கன்வாடிகளில் மாதம் ஒரு நாள் பெற்றோரை அழைத்துப் பிள்ளைகளின் செயல்களைக் காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அந்த நாள் சில ஊர்களில் நன்றாக நடக்கிறது. சில ஊர்களில் கையொப்பத்தோடு முடிகிறது.

அங்கன்வாடி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். மக்கள் இன்னும் பால்வாடி என்றே சொல்கிறார்கள். பால் கொடுக்கும் இடம் போலும் என்று நினைப்பவரும் உண்டு; அது பாலர் வாடி, அதாவது குழந்தைத் தோட்டம். அங்கன் என்றால் முற்றம். தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரையில் போர்டி என்ற ஊரில் குழந்தைப் பள்ளி தொடங்கியபோது, பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பிள்ளைகள் வராவிட்டால் என்ன, பள்ளி போகட்டும் என்று அவர் பள்ளியை அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே கொண்டுசென்றார். உடனிருந்து உழைத்தவர் அனுதாய் வாக். பின்னர் கோஸ்பாட் குன்றில் அவ்வேலை தொடர்ந்தது. முற்றத்தில் நடக்கும் பள்ளியில் தாய் வாசற்படியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரில் முற்றம் இருக்கிறது. நடைமுறையில் அது கம்பி வேலியிட்ட கட்டடத்துக்குள் போய்விட்டது.

பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே ஸ்தாபனத்தின் அங்கத்தினராகப் பாவித்த ஊர் ஒன்று உண்டு. அது கூட்டுறவு செழித்த மண்ணில் தோன்றியதில் வியப்பில்லை. இத்தாலி நாட்டின் வடக்கில் ரெஜியோ எமிலியா என்ற நகரம் உள்ளது. பால் பண்ணைக் கூட்டுறவும் தொழிலாளர் கூட்டுறவும் நிறைந்த வட்டாரம் அது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் ஓய்ந்ததும், அந்நகரத்தை அடுத்த வில்லா செல்லா என்ற சிற்றூரில், பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியும் சில லாரிகளும் குதிரைகளும் கிடந்தன. விற்ற பணத்தை என்ன செய்வது? கொட்டகை கட்டலாம் என்றனர் சிலர். தாய்மார் உள்ளிட்ட மற்றவர்கள் பாலர் பள்ளி என்றனர். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லைக் கழுவி எடுத்து, ஆற்று மணலைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் உழைத்துத் தாங்களே கட்டினார்கள். செய்தியைக் கேட்ட இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி மிதிவண்டியில் அங்கே சென்றார்; அந்த வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தார். நகராட்சியின் முதல் பாலர் பள்ளி 1963-இல் திறக்கப்பட்டது. பெற்றோர் நடத்திய பள்ளிகளும் பின்னர் நகராட்சியிடம் வந்தன. நகராட்சி ஏற்ற பின்பும் பெற்றோர் விலகவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர், ஆசிரியர், ஊரார் ஆகியோரைக் கொண்ட மன்றம் அமைந்தது. பிள்ளைகள் சொன்னதையும் வரைந்ததையும் ஆசிரியர்கள் குறித்துவைத்துப் பெற்றோருக்குக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று சேர்ந்து ஆராய்கிறார்கள். சமையற்காரரும் அந்தப் பேச்சில் உண்டு. இன்று உலகெங்கிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே பார்க்கப் போகிறார்கள். பார்க்க வேண்டியது கட்டடமன்று, அந்த மன்றம்.

நிற்க. நம் பால்வாடி ஆசிரியையின் நிலையையும் நினைக்க வேண்டும். அவருடைய பதவிப் பெயரில் ஆசிரியை என்ற சொல்லே கிடையாது; பணியாளர். எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைப்பது, கருவுற்ற தாய்மாரின் பதிவேடு, கைபேசியில் விவரம் ஏற்றுவது, அவ்வப்போது தேர்தல் பட்டியல் வேலை என்று எல்லாம் அவர் தலையில். உதவிக்கு ஓர் ஆயா. இவரிடம் வாரந்தோறும் வீடு வீடாகச் செல்லுங்கள் என்று சொல்வது இரக்கமற்ற யோசனை. பெற்றோர் சற்று எழுந்து வந்தால்தான் அவருக்கும் மூச்சு விட இடமுண்டு. பாடம் நடத்துவது தாய்மாரின் வேலையன்று. ஆனால் மாதத்தில் ஒரு முற்பகல், முறை வைத்துக்கொண்டு, ஒரு தாயோ பாட்டியோ பால்வாடியில் அமர்ந்து தமக்குத் தெரிந்த கதையைச் சொல்லலாம். ஒரு பாட்டனார் வண்டி மாட்டைப் பற்றிப் பேசலாம். ஆசிரியை அந்த நேரத்தில் பேசாத பிள்ளையோடு தனியே அமர்ந்து பேசலாம். கொங்கு நாட்டில் கதை தெரியாத அம்மிச்சி எந்த ஊரில் இருக்கிறார்?

தந்தையர் இதில் தலையிடுவதேயில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பால்வாடி விஷயம் பெண்கள் விஷயம் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. சங்கப் பொதுக்குழுவில் ஒரு ரூபாய் கூலிக்கு மூன்று மணி நேரம் வாதாடும் அங்கத்தினர், தம் பிள்ளை படிக்கும் பால்வாடி ஆசிரியையின் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

எழுத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "இன்னும் எழுதப் பழகவில்லையே" என்று ஆசிரியையை நெருக்கும் பெற்றோர் பெருகிவருகிறார்கள். வேனில் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறதே என்பது அவர்கள் குறை. மணிக்கட்டின் சிற்றெலும்புகள் பிறப்பில் குருத்தாக இருந்து, ஆண்டு தோறும் ஒவ்வொன்றாகவே இறுகி எலும்பாகின்றன. நாலு வயதில் அந்த வேலை பாதிகூட முடிந்திருக்காது. அந்தக் கைக்கு வேண்டியது களிமண், மணி கோத்தல், கிழித்து ஒட்டுதல், மணலில் கோடு இழுத்தல். நம் அங்கன்வாடிகளுக்கென்று வகுக்கப்பட்ட 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் விளையாட்டை முன்வைத்திருப்பது இக்காரணம் பற்றியே. "பால்வாடியில வெறும் வெளையாட்டுத்தானுங்க" என்று குறைசொல்வோர், அதுவே அங்கு நடக்க வேண்டிய படிப்பு என்பதை அறிந்தால் ஆசிரியையை நெருக்கமாட்டார்கள்.

ராச்டேல் முன்னோடிகளில் நெசவாளர் பலர் இருந்தனர். 1844-இல் கடை திறந்த அவர்கள், சில ஆண்டுகளுக்குள்ளாகவே உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். நம் சங்கங்களும் நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பணம் கட்டிவருகின்றன. அது சங்கக் கல்விக்கு உரியது, அதைத் தொட முடியாது. துணைவிதிகள் இடந்தரும் சங்கங்கள், பொதுநல நிதியிலிருந்து விதிப்படி அனுமதி பெற்று, ஊர்ப் பால்வாடிக்கு ஒரு பாயோ படப்புத்தகமோ வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் மேலே கண்டபடி, பொருள் கொடுப்பதில் நம்மூரார் என்றும் சளைத்ததில்லை. சங்கத்தால் எளிதில் ஆகக்கூடியது வேறொன்று: நேரமும் இடமும்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வராததற்குச் சிரத்தையின்மை காரணமென்று சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் நேரம். முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நெசவாளி தறியை நிறுத்த வேண்டும், கூலி போகும். களையெடுக்கப் போன தாய்க்கு அன்றைய சம்பளம் போகும். நெசவாளர் சங்கங்களில் நெய்த துணியைக் கொடுத்து நூல் வாங்கிச் செல்லும் நாள் என்று ஒன்று இருக்கிறது. அன்று தறி எப்படியும் நிற்கிறது. ஆணும் பெண்ணும் சங்க வாசலில் வரிசையில் காத்திருக்கிறார்கள். விவசாயச் சங்கங்களில் உரம் வரும் நாளும் கடன் பட்டுவாடா நாளும் அவ்வாறே. மாதத்தில் அப்படிப்பட்ட ஒரு நாளில், வரிசை குறைந்த பிற்பகல் மூன்று மணிக்கு, பால்வாடி ஆசிரியையைச் சங்கத்துக்கு அழைத்து அரைமணி நேரம் உட்கார வைக்கலாம். பதிவேடு வேண்டாம். பிள்ளைகள் அம்மாதத்தில் பாடிய பாட்டையும் கேட்ட கேள்வியையும் அவர் சொல்லட்டும். வீட்டில் பிள்ளை சொன்ன புதுச்சொல் ஒன்றை ஒவ்வொரு பெற்றோரும் சொல்லட்டும். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சங்கச் செயலாளர் இந்த யோசனையைக் கேட்டதும், கூடத்தில் துணிக்கட்டு அடுக்கியிருக்கிறதே, எங்கே உட்காருவது என்று கவலைப்பட்டார். கட்டுகளைச் சுவரோரம் ஒதுக்கினால் நாற்பது பேருக்கு இடம் போதும் என்று அளந்து பார்த்து முடிவாயிற்று. பாய் பால்வாடியிலிருந்தே வரும்.